பாஷை தெரியாதவள்

வியட்நாமிலிருந்து வந்து தைவானில் வாழ்க்கைப்பட்ட இத்தனை வருஷத்தில் தோவா பல பொய்களுக்குத் தலையாட்டியிருக்கிறாள். ஆனால் மகனுடைய கல்யாணத்துக்காக நாத்தனார் சியூ-ஜூ அவிழ்த்துவிட்ட பொய்யைப்போல வேறெதுவும் அவள் தொண்டையில் முள்ளாக நின்றதில்லை.

"என் தம்பி சம்சாரம் மலேசியச் சீனப் பொண்ணு. அதான் பேச்சுல கொஞ்சம் இழுவை இருக்கும்" என்று பெண்வீட்டாரிடம் சொல்லிவிட்டாள் சியூ-ஜூ.

சொல்லக் காரணம் இருந்தது. முதல் சந்திப்பிலேயே, தேநீர் ஆறுவதற்குள், பெண்ணின் தாய் குவோ அம்மாள் தன் பக்கத்து வீட்டுக் கதையை எடுத்தாள். அந்த வீட்டுப் பையன் வியட்நாம்காரி ஒருத்தியைக் கட்டினானாம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நகை நட்டையெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விட்டாளாம். "அந்த ஊர்ப் பொண்ணுங்க புத்தியே அப்படித்தான். குடும்பத்துக்கு ஆகாது" என்று முடித்தாள். தோவா குனிந்து கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வரப்போகிற மருமகள் ஷின்-யூ முகம் வெளுத்துப்போய்த் தரையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும்.

அன்று வீடு திரும்பியதும் மகன் யென்-டிங் அம்மாவிடம் வந்து நின்றான்.

"நிச்சயம் முடியிற வரைக்கும் மட்டும்மா. அப்புறம் ஷின்-யூ அவங்கம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிடுவா."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. "சரிப்பா" என்றாள் தோவா. வேறென்ன சொல்வாள்? சிறு வயதில் பள்ளிக்கூட வாசலில் அவள் தன் பாஷையில் போனில் பேசியதற்காக அழுத பிள்ளை அவன். அன்றிலிருந்து வெளியிடத்தில் அவள் அந்தப் பாஷையைப் பேசியதே இல்லை.

இரண்டு குடும்பமும் மனம்விட்டுப் பழகட்டும் என்று கப்பல் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்ததும் சியூ-ஜூதான். இளசுகளுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியவர்கள் மட்டும் காவ்சியுங் துறைமுகத்தில் ஏறினார்கள். போகிற வழியில் கப்பல் வியட்நாமில் ஞாசாங் நகரத்துக்கும் போகிறது என்பதை ஏறின பிறகுதான் தோவா பார்த்தாள். அவள் ஊர் தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கும் சாடெக். ஞாசாங்கை அவள் கண்டதே இல்லை. ஆனாலும் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"அன்னிக்குத் தலைவலின்னு சொல்லிப் படுத்துக்கோ. நான் அவங்கள டூர்ல கூட்டிட்டுப் போறேன்" என்றாள் சியூ-ஜூ.

ஆனால் அந்த நாள் வந்தபோது படுத்துக்கொண்டது சியூ-ஜூ. இரவெல்லாம் வாந்தி. இருவருடைய கணவர்களும் காலையிலேயே மாஜாங் ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தோவா தலைவலியை யோசித்துக்கொண்டிருக்கும்போதே குவோ அம்மாள் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோளில் குறுக்காக மாட்டிய பை என்று முழு அலங்காரத்தோடு அறை வாசலில் நின்றாள்.

"வாங்க சம்பந்தி, நாம ரெண்டு பேரும் ஊர் சுத்திட்டு வரலாம். டூர்னு சொல்லிக் கப்பல்காரன் தோலை உரிக்கிறான். கரையில இறங்கினா டவுன் பஸ்ஸே இருக்காம். போன்ல எல்லாம் பார்த்து வச்சிருக்கேன்."

"எனக்கு வந்து… பாஷை தெரியாத ஊரு…"

"எனக்கு மட்டும் தெரியுமா? கை இருக்கு, விரல் இருக்கு. வாங்க."

குவோ அம்மாள் தைச்சுங் நகரத்தில் திருகாணிக் கடை வைத்திருப்பவள். சொன்ன விலைக்கு ஒரு ஆணிகூட வாங்கினதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவள் கையைப் பிடித்து இழுத்தால் போகாமல் இருக்க முடியாது.

நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து சிறு படகு அவர்களைத் துறையில் கொண்டுவந்து விட்டது. வாசலைத் தாண்டவில்லை, டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அரைகுறைச் சீனத்தில் விலை சொன்னான். குவோ அம்மாள் அதில் பாதி சொன்னாள், அவன் இறங்கி வந்ததும் அதிலும் பாதி சொன்னாள், கடைசியில் "பஸ், பஸ்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"விட்றா. கெழட்டுக் கஞ்சம். செத்தா சவப்பெட்டிக்கும் பேரம் பேசும்" என்றான் பின்னாலிருந்த இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். தோவாவுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு வசவைத் தன் பாஷையில் கேட்டு!

பேருந்து வந்தது. நடத்துனர் ஒரு பெண். தோவாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். பூப்போட்ட முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தாள். ஏறினதுமே அவள் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்லயே நின்னா யாரும் மாலை போட மாட்டாங்க! ஏய் தம்பி, அந்தப் பையை மடியில வச்சுக்கோ, பைக்கு டிக்கெட் எடுத்தியா? எந்திரி, எந்திரி, வயசானவங்களுக்கு எடம் குடு."

மாணவன் ஒருவன் எழுந்துகொள்ள, அவள் இருவரையும் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். குவோ அம்மாள் தான் பார்க்க நினைத்த கோயில் கோபுரத்தின் படத்தைப் போனில் காட்டினாள். "ஓ, அம்மன் கோபுரம்! நான் சொல்றேன், சொல்றேன்" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள் நடத்துனர். குவோ அம்மாளுக்குப் பரம திருப்தி.

"பார்த்தீங்களா? பாஷை எதுக்கு?"

மீன் கூடையோடு எதிரே உட்கார்ந்திருந்தவள் இருவரையும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதுங்க எந்த ஊரு? கொரியாவா?"

"தைவான்னு நெனைக்கிறேன். கப்பல்ல வந்ததுங்க."

"அந்தக் கண்ணாடிக்காரி சரி. இந்த ஓரத்துல இருக்குற அம்மாவைப் பாரு, நம்ம மூஞ்சி மாதிரியே இல்ல?"

தோவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன், தைவான்ல கறுப்பா ஒருத்தி இருக்கக் கூடாதா?" என்றாள் நடத்துனர். "என் சின்னம்மா பொண்ணு அங்கதான் கல்யாணமாகிப் போனா. மொதல்ல போன் பண்ணுவா. இப்பல்லாம் அதுவும் இல்ல. பிள்ளைகளுக்கு நம்ம பேச்சே தெரியாதாம். அங்க இருக்குறவங்க நல்லவங்களோ கெட்டவங்களோ, நம்ம ஊருக்கு வந்தவங்கள நாம நல்லாப் பார்த்து அனுப்புவோம். யார் கண்டா, இவங்கள்ல ஒருத்தி அவளுக்குப் பக்கத்து வீடா இருக்கலாம்."

தோவாவின் காது சுட்டது. இப்போது திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நானும் சாடெக்காரிதான் அக்கா' என்றால் இந்த வண்டியே கொண்டாடும். பக்கத்தில் குவோ அம்மாளின் முழங்கை அவள் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லவில்லை.

கோபுரம் வந்ததும் நடத்துனர் தானே இறங்கி, சாலையின் மறுபக்கம் கைகாட்டி, திரும்பிப்போக அங்கேதான் ஏற வேண்டும் என்று சைகையில் விளக்கினாள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "இருய்யா, பொண்டாட்டி காத்திருக்காளா?" என்று கத்திவிட்டு, விளக்கி முடித்த பிறகுதான் ஏறினாள்.

கோபுரம் பார்த்தார்கள். ஊதுபத்தி ஏற்றினார்கள். பசி எடுக்கவே தெருவோரக் கடை ஒன்றில் பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து மீன் நூடுல்ஸ் வாங்கினார்கள். கடைக்காரி தோவாவிடம், "மல்லித்தழை போடவா?" என்று தன் பாஷையில் கேட்க, தோவா யோசிக்காமல் தலையசைத்துவிட்டாள்.

"என்ன கேட்டா?" என்றாள் குவோ அம்மாள்.

"தெரியல. தழையைக் காட்டினா, அதான்…"

மேசையில், மீனை உப்பில் புளிக்கவைத்து எடுத்த ரசம் ஒரு கிண்ணத்தில் இருந்தது. குவோ அம்மாள் அதை முகர்ந்து, "ஐயையே! எப்படித்தான் வாயில வைக்கிறாங்களோ" என்று மூக்கைச் சுளித்துத் தள்ளிவைத்தாள். தோவாவும் மூக்கைச் சுளித்தாள். செய்துவிட்ட பிறகுதான் தெரிந்தது தான் என்ன செய்தோம் என்று. சாடெக் வீட்டின் பின்கட்டில் பச்சரிசிச் சோற்றில் அதை மட்டும் ஊற்றிப் பிசைந்து அவளும் தங்கையும் எத்தனை ராத்திரி வயிறு நிறைத்திருக்கிறார்கள்! கண் கலங்கியது. மிளகாய் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது வந்தது அதே பேருந்து, அதே நடத்துனர். இவர்களைக் கண்டதும் அவள் பழைய சிநேகிதிகளைப் பார்த்ததுபோலச் சிரித்தாள். "கப்பல் அம்மாக்கள் வந்துட்டாங்க! எந்திரிங்கப்பா."

பாதி வழியில் சந்தை தாண்டினதும் வண்டி நின்றது. முன்னால் போலீஸ்காரர்கள் தடுப்பு வைத்திருந்தார்கள். ஓட்டுநர் எட்டிப் பார்த்துப் பேசிவிட்டு வர, நடத்துனர் குரல் கொடுத்தாள்.

"கடற்கரை ரோட்டுல சைக்கிள் பந்தயமாம், அடைச்சுட்டாங்க! வண்டி படகுத்துறைக்குப் போகாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்புது. துறைக்குப் போறவங்க இங்கயே இறங்கி, சந்து வழியா நடந்து அந்தப் பக்கம் வேற வண்டி பிடிங்க!"

நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். தோவாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால், எப்படித் தெரிந்தது என்று குவோ அம்மாள் கேட்பாள். நடத்துனரே வந்து சைகையில் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

நடத்துனர் வந்தாள். "கப்பல், கப்பல்" என்று கடல் பக்கம் காட்டினாள். இரண்டு விரலால் நடந்து காட்டினாள். கீழே இறங்கச் சொல்லிக் கையை ஆட்டினாள். குவோ அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிக்கெட்டை எடுத்து ஆட்டிக் காட்டினாள். "காசு குடுத்தாச்சு! எதுக்கு இறங்கணும்?" பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. போலீஸ்காரன் விசில் ஊதினான். நடத்துனர் அவசரத்தில் குவோ அம்மாளின் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். பிடி கையோடு பையின் வாரிலும் பட்டது.

அவ்வளவுதான். குவோ அம்மாள் வீலென்று கத்தினாள்.

"திருடி! என் பையைப் பிடுங்கறா! திருடி! போலீஸ்!"

ஓங்கித் தள்ளினாள். நடத்துனர் எதிர் சீட்டில் போய் இடித்துக்கொள்ள, கையிலிருந்த டிக்கெட் கட்டு தரையெல்லாம் சிதறியது.

சீனக் கூட்டம் வந்து வந்து போகும் ஊர் அது. மற்றதெல்லாம் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் அங்கே எல்லோருக்கும் தெரியும். வண்டி அடங்கிப்போயிற்று.

"நானா?" என்றாள் நடத்துனர். "உன் பை எனக்கு எதுக்கும்மா? கப்பலை விட்டுடுவீங்களேன்னு…" பாதியில் நிறுத்திவிட்டுத் தோவாவைப் பார்த்தாள். "நீயாவது அவங்களுக்குச் சொல்லேன் தங்கச்சி. உனக்குப் புரியுதா? நான் எதுவும் எடுக்கல."

அவள் தன் பாஷையில்தான் கேட்டாள். புரியும் என்று நினைத்துக் கேட்கவில்லை. கேட்க வேறு ஆளில்லாமல் கேட்டாள். தோவா அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, மடியில் கிடந்த தன் போனை எடுத்து, அதில் ஏதோ பார்க்கிறவளைப்போல விரலால் தள்ளத் தொடங்கினாள். திரையில் வெளிச்சம்கூட வரவில்லை.

"விடுக்கா. பட்டாத்தான் தெரியும் இதுங்களுக்கு" என்று ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார்.

கடல் பின்னால் போய் மறைந்தது. நடத்துனர் குனிந்து குனிந்து டிக்கெட்டுகளைப் பொறுக்கினாள். மாணவி ஒருத்தி கூடச் சேர்ந்து பொறுக்கிக் கொடுத்தாள். பிறகு முன்வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். முகமூடியை மேலே இழுத்துவிட்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் அவள் குரல் கொடுக்கவில்லை; ஓட்டுநரே நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார்.

"இதுக்குப் போய் ஏன்க்கா அழுவுற?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அழல. காலம்பூரா இதே வண்டியில நிக்கிறேன். எத்தனையோ பேர் திட்டியிருக்காங்க. இந்த வார்த்தையை ஒருத்தரும் சொன்னதில்ல."

தோவா அதையும் கேட்டாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் குவோ அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. போனில் வரைபடத்தைப் பார்த்தாள். நீலப் புள்ளி கடலைவிட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. "சம்பந்தி, இது வேற வழி. கடைசிப் படகு நாலு மணிக்கு. ஐயோ, இப்ப என்ன பண்றது?" போனைத் தோவாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கப்பல் விட்டுட்டுப் போயிட்டா? பாஸ்போர்ட்டெல்லாம் அங்க இருக்கே!"

கணவன், நாத்தனார், கேள்விகள், விசாரணை எல்லாம் தோவாவின் கண்முன் ஓடின. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"அக்கா, நாங்க படகுத்துறைக்குப் போகணும். இங்கருந்து எப்படிப் போறது?"

சாடெக் வாடை மாறாத பேச்சு. அத்தனை வருஷம் பூட்டிவைத்தும் அது துருப்பிடிக்கவில்லை.

நடத்துனர் மெதுவாகத் திரும்பினாள். வண்டியில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ நம்ம பொண்ணா?"

"ஆமாக்கா. சாடெக்."

"அப்போ காலையிலருந்து நாங்க பேசினதெல்லாம்…"

தோவா அவள் கையிலிருந்த டிக்கெட் கட்டைப் பார்த்தாள்.

"அவங்க என்னை அந்த வார்த்தை சொன்னப்போ? நான் உன்கிட்ட கேட்டேனே, அப்போ?"

"புரிஞ்சுது அக்கா."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்போ வாய் எங்கம்மா போச்சு? அடகு வச்சிருந்தியா?" என்றார். யாரோ ஒருவன் சிரித்தான். நடத்துனர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தோவாவுக்கு. அந்தப் பெண்ணின் மானத்துக்காகத் திறக்காத வாய் கப்பலுக்காகத் திறந்துவிட்டது. அது அந்த வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"வண்டியை நிறுத்துய்யா" என்றாள் நடத்துனர். மூலையில் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்திருந்த இரண்டு வாடகைச் சவாரிக்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "இவங்க ரெண்டு பேரையும் படகுத்துறையில விடுங்க. மலைப்பக்கமாப் போங்க, ரோடு அடைச்சிருக்கு. அதிகமாக் கேக்காதீங்க, நம்ம ஜனம்."

கடைசி இரண்டு வார்த்தையைக் கேட்டதும் தோவாவுக்கு அழுகை வந்துவிட்டது. நடத்துனரின் கையைப் பிடித்தாள். "அக்கா, மன்னிச்சிடுங்க. என் பையன் கல்யாணம்… இவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு…"

"உன் வீட்டு விஷயம் எனக்கு எதுக்கு? கையை விடு. நேரமாச்சு, உனக்கும் எனக்கும்."

பேருந்து போய்விட்டது. சாலையோரத்தில் குவோ அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி தோவாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுங்க சம்பந்தி" என்றாள் தோவா.

கடைசிப் படகு கயிறு அவிழ்க்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். படகில் குவோ அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கப்பல் அருகில் வந்தபோது கேட்டாள்.

"என் கையைப் பிடிச்சு இழுத்தப்போ அவ என்ன சொன்னா?"

"ரோடு அடைச்சிருக்கு, இறங்கிடுங்க, இல்லாட்டிக் கப்பலை விட்டுடுவீங்கன்னு."

"நான் அவளைத் திருடின்னு சொன்னேன்."

"ஆமா."

"அவளுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

குவோ அம்மாளின் முகம் கழுத்துவரை சிவந்தது. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே. பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு என்னை அப்படிப் பேச விட்டுட்டீங்களே!"

"சொல்லியிருந்தா நான் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சா என்ன?"

"முதல் நாளே சொன்னீங்களே, எங்க ஊர்ப் பொண்ணுங்க புத்தியைப் பத்தி."

குவோ அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் படி ஏறினார்கள்.

அன்று இரவு உணவுக்குக் குவோ அம்மாள் வரவில்லை. விஷயம் தெரிந்து சியூ-ஜூ படுக்கையிலிருந்தே கத்தினாள்: "எல்லாத்தையும் கெடுத்துட்டே! ஒரு நாள் வாயை மூடிட்டு இருக்க முடியலையா?" மூடிக்கொண்டுதான் இருந்தேன் என்று தோவா சொல்லவில்லை.

ஆனால் கல்யாணம் கெடவில்லை. கப்பல் காவ்சியுங் திரும்பிய அன்று குவோ அம்மாள் சியூ-ஜூவை ஒதுக்கிவிட்டு நேராகத் தோவாவிடம் வந்தாள். "உங்க பக்கத்து சொந்தக்காரங்க யாரு வருவாங்க, அதைச் சொல்லுங்க, மேசை ஒதுக்கணும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். மன்னிப்பும் கேட்கவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கதையை அதன்பிறகு அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. விருந்தில் தோவாவின் தங்கை முன்வரிசை மேசையில் உட்கார்ந்தாள். யென்-டிங் தனக்குத் தெரிந்த நாலு வியட்நாமிய வார்த்தைகளில் சித்தியை வரவேற்று, எல்லோரையும் சிரிக்கவைத்தான். 'எப்படியோ நல்லபடியா முடிஞ்சுது' என்றார்கள்.

புத்தாண்டுக்குத் தோவா சாடெக் போனாள். தங்கையோடு பின்கட்டில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பேசினாள். நாத்தனாரின் பொய், மகனின் பயம், சம்பந்தியின் கஞ்சத்தனம், டாக்ஸிக்காரன் சொன்ன சவப்பெட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்புறம் எப்படித்தான் அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது, எப்படியோ."

"ஞாசாங் ஜனங்க எப்படி? நல்லவங்களா?"

"நல்லவங்க" என்றாள் தோவா. எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கழுவ வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் அங்கேயே உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தாள்.